லினக்ஸ் கட்டளைவரியில் பயனர் குழு அமைக்கும் முறை

லினக்ஸில் ஒரு பயனர் குழுவை உருவாக்க ஒரே ஒரு வரிக் கட்டளை போதும். அப்படியிருந்தும், "குழுவை உருவாக்கிவிட்டேன், ஆளையும் சேர்த்துவிட்டேன், ஆனாலும் கோப்பைத் திறக்க அனுமதியில்லை என்கிறது" என்று கேட்டு வருகிறவர்கள் குறைந்தபாடில்லை. அவர்கள் இட்ட கட்டளையில் பெரும்பாலும் பிழை இருப்பதில்லை. குழு என்பது எங்கே பதிவாகிறது, சேர்க்கப்பட்டவருக்கு அது எந்த நேரத்திலிருந்து செல்லுபடியாகிறது, ஒரு கோப்புறை எப்போது குழுவின் சொத்தாகிறது என்ற மூன்றையும் யாரும் அவர்களுக்குச் சேர்த்துச் சொல்லியிருப்பதில்லை. ஆகவே இந்த வழிகாட்டியில் குழுவை உருவாக்கும் படியை விரைவில் முடித்துக்கொண்டு, அதற்கு அடுத்த படிகளில் அதிக நேரம் நிற்கப்போகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு சிறிய அச்சகத்தை வைத்துக்கொள்வோம். அங்கே உபுண்டு நிறுவிய ஒரு கணினியில் கயல், மாறன் என இரண்டு பயனர் கணக்குகள் இருக்கின்றன. இருவரும் ஒரே மெய்ப்புப் பக்கங்களைத் திருத்த வேண்டும். மற்றவர்கள் அவற்றைப் பார்க்கவும் கூடாது. இதற்காக 'மெய்ப்பு' என்ற குழுவை அமைக்கப்போகிறோம். டெபியனிலும் படிகள் இவையே. ஃபெடோரா, ரெட் ஹேட் வகைகளில் ஓரிரு இடங்களில் வேறுபாடு உண்டு. அந்தந்த இடத்திலேயே சொல்கிறேன்.

கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். புதிய கட்டளை வரும்போது, தொலைபேசியில் சொல்வதுபோல் எழுத்தெழுத்தாகவும் சொல்கிறேன். தட்டச்சு செய்யும்போது எல்லாவற்றையும் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் இட வேண்டும்; 'பெரிய' என்று குறிப்பிட்ட இடத்தில் மட்டும் பெரிய எழுத்து. தமிழில் 'டி' என்பது இரண்டு ஆங்கில எழுத்துகளுக்கும் வருவதால், வெறும் 'டி' என்றால் டாக்டரின் டி என்றும், மற்றதை 'டைகர் டி' என்றும் கொள்ளுங்கள். 'பி' என்பது எங்கும் பென்சிலின் பி. குழுவின் பெயரையும் பயனர் பெயர்களையும் உங்களுக்குப் பிடித்த ஆங்கில எழுத்துக்கூட்டலில் அமைத்துக்கொள்ளலாம். ஒருமுறை அமைத்ததைக் கடைசிவரை மாற்றாமல் பயன்படுத்துவதுதான் முக்கியம்.

தொடங்குமுன் ஒரு பார்வை

முனையத்தைத் திறந்து ஐ, டி என்ற இரண்டு எழுத்துகளை மட்டும் இட்டு என்டர் விசையைத் தட்டுங்கள். உங்கள் பயனர் எண், முதன்மைக் குழுவின் (நீங்கள் உருவாக்கும் கோப்புகள் இயல்பாகப் போய்ச் சேரும் குழு) எண், நீங்கள் உறுப்பினராக உள்ள பிற குழுக்கள் ஆகியவை ஒரே வரியில் வரும். உபுண்டுவில் நிர்வாகி உரிமை உள்ளவரென்றால் அந்தப் பட்டியலில் 'சூடோ' என்ற குழு இருக்கும். ஃபெடோராவிலும் ரெட் ஹேட்டிலும் அதே வேலையைச் செய்யும் குழுவுக்கு 'வீல்' என்று பெயர். இரண்டும் இல்லையென்றால் கீழே வரும் படிகளைச் செய்ய உங்களுக்கு அனுமதி கிடைக்காது; நிர்வாகியிடம்தான் கேட்க வேண்டும்.

அடுத்து, குழுக்கள் பதிவாகும் இடத்தை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. இடிசி (இ, டைகர் டி, சி) என்ற கோப்புறைக்குள் 'குரூப்' என்ற பெயரில் சாதாரண உரைக்கோப்பு ஒன்று இருக்கிறது. அதைப் படிக்க யாருக்கும் தடையில்லை. ஒரு குழுவுக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியும் முக்காற்புள்ளிகளால் நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். நம் குழு அமைந்து முடிந்ததும் அதன் வரி ஏறத்தாழ இப்படி இருக்கும்:

மெய்ப்பு:எக்ஸ்:1003:கயல்,மாறன்

முதலில் பெயர். இரண்டாவது, கடவுச்சொல்லுக்கான இடம். குழுவுக்குக் கடவுச்சொல் வைக்கும் வழக்கம் இப்போது ஏறக்குறைய மறைந்துவிட்டது; வைத்தாலும் அது வேறொரு கோப்பில்தான் இருக்கும் என்பதற்கு அடையாளமாக அங்கே எக்ஸ் என்ற ஓர் எழுத்து மட்டும் நிற்கிறது. மூன்றாவது குழு எண். நான்காவது, காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட உறுப்பினர் பட்டியல். இவற்றில் கணினிக்கு வேண்டியது எண் மட்டும்தான். வட்டில் உள்ள ஒவ்வொரு கோப்பிலும் எழுதப்பட்டிருப்பது குழுவின் எண்ணே ஒழிய பெயர் அல்ல. பட்டியலிடும்போது இந்தக் கோப்பைப் பார்த்துப் பெயராக மாற்றிக் காட்டுகிறது, அவ்வளவுதான். கடைசிப் பகுதியில் இது எவ்வளவு தூரம் நம்மைப் பாதிக்கிறது என்று தெரியும்.

குழுவை உருவாக்குதல்

கட்டளையின் பெயர் குரூப்ஆட்: ஜி, ஆர், ஓ, யூ, பி, ஏ, டி, டி. நிர்வாகி உரிமையோடு இயக்க அதன் முன்னால் சூடோ, அதாவது எஸ், யூ, டி, ஓ என்பதைச் சேர்க்க வேண்டும். ஆக முழு வரி இது:

சூடோ குரூப்ஆட் மெய்ப்பு

கடவுச்சொல் கேட்கும், தட்டச்சு செய்யும்போது திரையில் எதுவும் தெரியாது, அது இயல்புதான். வெற்றி என்றால் கணினி ஒன்றும் பேசாது, அடுத்த வரிக்கு வந்து நிற்கும். முன்னால் சூடோ இடாமல் முயன்றால், குரூப் கோப்பைப் பூட்ட முடியவில்லை, பிறகு முயலுங்கள் என்ற பொருளில் ஒரு செய்தி வரும். பிறகு முயன்றாலும் அதே செய்திதான் வரும், உரிமை இல்லாததே காரணம். அதே பெயரில் ஏற்கெனவே குழு இருந்தால் அதையும் சொல்லிவிடும்.

பெயரில் சிறிய எழுத்துகளும் எண்களும் சிறுகோடும் அடிக்கோடும் இருக்கலாம். எழுத்திலோ அடிக்கோட்டிலோ தொடங்க வேண்டும். நீளம் 32 எழுத்துகளுக்குள். இடைவெளி கூடாது.

எண்ணை நாம் கொடுக்காவிட்டால் கணினியே எடுத்துக்கொள்ளும். சாதாரணக் குழுக்களுக்கு 1000இலிருந்து மேலே செல்லும். அதற்குக் கீழே உள்ளவை அமைப்பின் சொந்தத் தேவைக்கானவை. ஒரே ஒரு கணினி மட்டும் இருக்கும் இடத்தில் இதுவே போதும். இரண்டு, மூன்று கணினிகள் ஒரே சர்வரின் கோப்புகளை என்எஃப்எஸ் (வலையமைப்பில் கோப்புகளைப் பகிரும் முறை) வழியாகப் பகிர்ந்துகொள்ளும் இடமென்றால், எல்லாக் கணினிகளிலும் அந்தக் குழுவுக்கு ஒரே எண் இருந்தாக வேண்டும். அப்போது குரூப்ஆட் என்பதற்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, சிறுகோடு, ஜி, மறுபடி ஓர் இடைவெளி, பிறகு 2001 என்பதுபோல் நாமே தேர்ந்த எண்ணையும், கடைசியில் குழுவின் பெயரையும் இட வேண்டும். ஒரு கணினியில் மெய்ப்பு 1003 ஆகவும் இன்னொன்றில் 1003 கணக்குப்பிரிவாகவும் இருந்தால், மெய்ப்புக் கோப்புகளெல்லாம் கணக்குப்பிரிவினர் கையில் திறந்துகொள்ளும்.

உருவானதா என்று பார்க்க: கெட்என்ட் குரூப் மெய்ப்பு. முதற்சொல் ஜி, இ, டைகர் டி, இ, என், டைகர் டி. இரண்டாவது, குழுவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். மேலே காட்டிய வரி உறுப்பினர் பட்டியல் இல்லாமல் வரும்.

ஆளைச் சேர்த்தல்

இந்த இடத்தில் நிதானமாக இருங்கள். இணையத்தில் அதிகம் காணப்படும் முறை யூசர்மாட் என்ற கட்டளை: யூ, எஸ், இ, ஆர், எம், ஓ, டி. அதன் சரியான வடிவம்: சூடோ யூசர்மாட், இடைவெளி, சிறுகோடு, சிறிய ஏ, பெரிய ஜி, இடைவெளி, குழுவின் பெயர், இடைவெளி, பயனர் பெயர். குழு முன்னே, ஆள் பின்னே. பெரிய ஜி என்பது 'இவரது துணைக்குழுக்களின் பட்டியல் இது' என்று பொருள்படும். சிறிய ஏ என்பது 'ஏற்கெனவே உள்ளவற்றோடு சேர்' என்று பொருள்படும். அந்த ஏ விட்டுப்போனால், பழைய பட்டியல் முழுவதும் அழிந்து நீங்கள் குறிப்பிட்ட ஒரு குழு மட்டும் எஞ்சும். எந்த எச்சரிக்கையும் வராது. கட்டளை வெற்றிகரமாக, மௌனமாக முடிந்துவிடும்.

எனக்கு இது நேர்ந்திருக்கிறது. ஓர் அலுவலகக் கணினியில் என் கணக்கையே ஒரு புதிய குழுவில் சேர்க்கப்போய், ஏ இல்லாமல் என்டர் விசையைத் தட்டினேன். குழு செல்லுபடியாகட்டும் என்று வெளியேறி மறுபடி உள்நுழைந்தேன். அதற்குப் பிறகு சூடோ என்று தொடங்கிய எந்தக் கட்டளையையும் கணினி ஏற்கவில்லை, ஏனென்றால் சூடோ குழுவிலிருந்தே என்னை நான் விலக்கிவிட்டிருந்தேன். அந்தக் கணினியில் வேறு நிர்வாகியும் கிடையாது. மறுதொடக்கம் செய்து, தொடக்கப் பட்டியலில் மீட்பு முறையைத் தேர்ந்து, ரூட் (எல்லா உரிமையும் உள்ள தலைமைக் கணக்கு) முனையத்திலிருந்து என்னை மறுபடி சேர்த்துக்கொள்ள அரை நாள் போயிற்று. வெளியேறாமல் இருந்திருந்தால் பெரும்பாலும் அதே சாளரத்திலேயே சரிசெய்திருக்கலாம் என்பது பின்னால்தான் தெரிந்தது. காரணம் அடுத்த பகுதியில் வருகிறது.

இதனால் புதியவர்களுக்கு நான் சொல்வது வேறு கட்டளை. ஜிபாஸ்வேர்டு என்று வாசிக்கலாம், எழுதுவது ஜி, பி, ஏ, எஸ், எஸ், டபிள்யூ, டி. கடவுச்சொல் தொடர்பான பெயர் இருந்தாலும், ஆளைச் சேர்ப்பதற்கும் நீக்குவதற்கும் இதைவிடப் பாதுகாப்பான கட்டளை இல்லை:

சூடோ ஜிபாஸ்வேர்டு, இடைவெளி, சிறுகோடு, ஏ, இடைவெளி, கயல், இடைவெளி, மெய்ப்பு.

இங்கே ஆள் முன்னே, குழு பின்னே. யூசர்மாடுக்கு நேர்மாறான வரிசை என்பதைக் கவனியுங்கள். இந்தக் கட்டளை ஒரு குழுவின் வரியில் ஒரு பெயரைச் சேர்க்குமே தவிர, அந்தப் பயனரின் மற்றக் குழுக்களைத் தொடாது. மாறனுக்கும் இதையே செய்யுங்கள். ஒருவரை விலக்க வேண்டுமென்றால் ஏ இருந்த இடத்தில் டி. டெபியன், உபுண்டுவில் ஆட்யூசர் (ஏ, டி, டி, யூ, எஸ், இ, ஆர்) என்று இட்டு ஆளின் பெயரையும் குழுவின் பெயரையும் தொடர்ந்து எழுதினாலும் இதே வேலை நடக்கும். ரெட் ஹேட் வகையில் ஆட்யூசர் என்பது புதிய பயனரை உருவாக்கும் கட்டளையின் மறுபெயர் மட்டுமே என்பதால் அங்கே இந்தக் குறுக்குவழி பலிக்காது.

ஒரு எச்சரிக்கை. டாக்கர் போன்ற மென்பொருள்களை நிறுவும்போது 'உங்களை இந்தக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்ற குறிப்பு வரும். டாக்கர் குழுவில் இருப்பவர் அந்தக் கணினியில் ரூட் உரிமை பெற்றவருக்குச் சமம். மெய்ப்புக் குழுவில் ஆளைச் சேர்ப்பதுபோல் அதில் தாராளமாகச் சேர்க்கக் கூடாது.

சேர்த்தும் அனுமதி கிடைக்காதபோது

குழுப் பட்டியல் ஒருவர் உள்நுழையும் அந்த நொடியில் வாசிக்கப்பட்டு, அவரது அமர்வோடு ஒட்டப்படுகிறது. அந்த அமர்விலிருந்து பிறக்கும் ஒவ்வொரு சாளரமும் நிரலும் அதே பழைய பட்டியலைத் தாயிடமிருந்து பெற்றுக்கொள்கிறது. கயல் காலையில் உள்நுழைந்து வேலை செய்துகொண்டிருக்கும்போது நீங்கள் நண்பகலில் அவரைக் குழுவில் சேர்த்தால், மாலையில் அவர் கணினியை விட்டு எழும்வரை அவருக்கு அது தெரியவே தெரியாது. புதிய முனையச் சாளரத்தைத் திறந்தாலும் பயனில்லை; அதுவும் காலையில் பிறந்த திரையின் பிள்ளைதான். முழுமையாக வெளியேறி மறுபடி உள்நுழைய வேண்டும். அப்படியும் வராவிட்டால், அவரது பழைய நிரல் ஏதோ பின்னணியில் உயிரோடு இருக்கிறது; மறுதொடக்கம் செய்துவிடுங்கள்.

இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. கயலின் முனையத்தில் ஐடி என்று மட்டும் இட்டால் அந்த அமர்வின் கையில் உள்ள பட்டியல் வரும். ஐடி கயல் என்று பெயரோடு இட்டால் பதிவேட்டில் உள்ள பட்டியல் வரும். இரண்டாவதில் மெய்ப்பு இருந்து முதலாவதில் இல்லையென்றால், சேர்த்ததில் தவறில்லை, உள்நுழைவுதான் பழையது. இரண்டிலும் இல்லையென்றால் நீங்கள் சேர்க்கவேயில்லை, அல்லது வேறு எழுத்துக்கூட்டலில் சேர்த்திருக்கிறீர்கள். என் கதையில் வெளியேறாமல் இருந்திருந்தால் தப்பியிருக்கலாம் என்றேனே, அதற்கும் இதுவே காரணம்: பதிவேட்டில் என்னை நீக்கிய பின்பும் பழைய அமர்வின் கையில் சூடோ குழு இருந்திருக்கும்.

வேலையை நடுவில் நிறுத்த முடியாதவர்களுக்கு நியூகுரூப் என்றொரு கட்டளை இருக்கிறது: என், இ, டபிள்யூ, ஜி, ஆர், பி. அதன்பின் குழுவின் பெயரை இட்டால், அந்தச் சாளரத்துக்குள் மட்டும் புதிய குழு செல்லுபடியாகும். பழைய யூனிக்ஸில் ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு குழுவில் மட்டுமே இருக்க முடிந்ததால் குழு மாறுவதற்கென்று இது அமைந்தது. 1983இல் வந்த 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்பில்தான் ஒரே நேரத்தில் பல குழுக்களில் இருக்கும் வசதி வந்தது.

குழுவுக்கென்று ஒரு கோப்புறை

குழு இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் எந்தக் கோப்பும் இன்னும் குழுவுக்குச் சொந்தமில்லை. பொதுக் கோப்புறையை யாருடைய வீட்டுக் கோப்புறைக்குள்ளும் வைக்காதீர்கள். உபுண்டு 21.04 பதிப்பிலிருந்து புதிதாக அமையும் வீட்டுக் கோப்புறைகள் பிறருக்கு மூடியே இருக்கின்றன; உள்ளே உள்ள கோப்புறைக்கு எவ்வளவு அனுமதி கொடுத்தாலும் வாசற்கதவு பூட்டியிருக்கும். எஸ்ஆர்வி என்ற கோப்புறை இதற்கு ஏற்ற இடம். அதற்குள் மெய்ப்பு என்ற கோப்புறையை சூடோ எம்கேடிஐஆர் கட்டளையால் உருவாக்கிய பின், இரண்டு வேலைகள் மீதம் இருக்கின்றன.

முதலாவது, அதன் குழுவை மாற்றுவது. சூடோ, பிறகு சி, எச், ஜி, ஆர், பி, பிறகு குழுவின் பெயர், பிறகு சாய்கோட்டில் தொடங்கும் கோப்புறையின் முழுப்பாதை. இரண்டாவது, அனுமதியை அமைப்பது: சூடோ, பிறகு சி, எச், எம், ஓ, டி, பிறகு 2770, பிறகு அதே பாதை. கடைசி மூன்று இலக்கங்கள் உரிமையாளர், குழு, பிறர் என்ற வரிசையில் அமைந்தவை; படிக்க 4, எழுத 2, உள்ளே செல்ல 1 எனக் கூட்டினால் 7, ஒன்றும் வேண்டாமென்றால் 0. முன்னால் நிற்கும் 2தான் இங்கே உயிர். அது இருந்தால், அந்தக் கோப்புறைக்குள் யார் புதிய கோப்பை உருவாக்கினாலும் அதன் குழு மெய்ப்பாக அமையும். அது இல்லாமல் 770 என்று மட்டும் இட்டால், கயல் உருவாக்கும் கோப்பு கயலின் சொந்தக் குழுவுக்கே போய்ச் சேரும்.

எல், எஸ், இடைவெளி, சிறுகோடு, எல், டி என்று இட்டுப் பாதையைக் கொடுத்துப் பாருங்கள். வரியின் தொடக்கத்தில் டி, அதன்பின் ஆர், டபிள்யூ, எக்ஸ், அதன்பின் ஆர், டபிள்யூ, எஸ், அதன்பின் மூன்று சிறுகோடுகள் இருக்க வேண்டும். குழுவின் இடத்தில் எக்ஸுக்குப் பதில் நிற்கும் அந்தச் சிறிய எஸ்தான் நீங்கள் இட்ட 2. அது பெரிய எஸ்ஸாகத் தெரிந்தால், குழுவுக்கு உள்ளே செல்லும் உரிமை விட்டுப்போயிருக்கிறது என்று பொருள்.

இதற்குப் பிறகும் ஒரு குறை வருவதுண்டு: மாறனால் கயலின் கோப்பைத் திறக்க முடிகிறது, சேமிக்க முடியவில்லை. இதற்குக் காரணம் யூமாஸ்க் என்ற அமைப்பு. யூ, எம், ஏ, எஸ், கே என்று இட்டுப் பாருங்கள். 0022 என்று வந்தால் புதிய கோப்புகளில் குழுவுக்கு எழுதும் உரிமை கழிக்கப்படுகிறது. 0002 என்றால் கழிக்கப்படுவதில்லை. ஒவ்வொருவர் கணக்கிலும் இதை மாற்றிக்கொண்டிருப்பதைவிட, கோப்புறைக்கே இயல்பு அனுமதி ஒன்றை எழுதிவைப்பது மேல் என்பது என் கருத்து. அந்தக் கட்டளை எஸ், இ, டைகர் டி, எஃப், ஏ, சி, எல்; இல்லையென்றால் ஏசிஎல் என்ற தொகுப்பை நிறுவிக்கொள்ள வேண்டும். முன்னால் சூடோ, பின்னால் இடைவெளி, சிறுகோடு டி, இடைவெளி, சிறுகோடு எம், இடைவெளி, பிறகு ஜி, முக்காற்புள்ளி, குழுவின் பெயர், முக்காற்புள்ளி, ஆர், டபிள்யூ, எக்ஸ் ஆகியவை நடுவில் இடைவெளியே இல்லாமல், கடைசியில் ஓர் இடைவெளி விட்டுக் கோப்புறையின் பாதை. இதற்குப் பின் அந்தக் கோப்புறைக்குள் உருவாகும் கோப்புகளுக்கு யூமாஸ்க் பொருந்தாது.

ஏற்கெனவே வேறிடத்தில் இருந்த கோப்புகளை இங்கே கொண்டுவரும்போது நகர்த்தாமல் நகலெடுங்கள். நகலெடுத்தால் புதிய கோப்பு பிறக்கிறது, மெய்ப்புக் குழுவைப் பெறுகிறது. ஒரே வட்டுப் பகுதிக்குள் நகர்த்தினால் பழைய கோப்பே பழைய குழுவோடு இடம் மாறுகிறது.

பெயர் மாற்றமும் நீக்கமும்

பெயரை மாற்றுவது எளிது: சூடோ குரூப்மாட் (ஜி, ஆர், ஓ, யூ, பி, எம், ஓ, டி), இடைவெளி, சிறுகோடு என், இடைவெளி, புதிய பெயர், இடைவெளி, பழைய பெயர். எண் மாறாததால் கோப்புகள் எதுவும் பாதிக்கப்படாது.

நீக்குவதற்கு குரூப்டெல்: ஜி, ஆர், ஓ, யூ, பி, டி, இ, எல். யாராவது ஒருவருக்கு அது முதன்மைக் குழுவாக இருந்தால் கணினி மறுத்துவிடும். இல்லையென்றால் உடனே நீக்கிவிடும், கோப்புகளைப் பற்றிக் கவலைப்படாது. அந்தக் கோப்புகளின் மேல் 1003 என்ற எண் அப்படியே நிற்கும். பட்டியலில் பெயருக்குப் பதில் எண் தெரியும். குரூப்ஆட் புதிய குழுவுக்கு இருப்பவற்றில் மிகப் பெரிய எண்ணுக்கு அடுத்த எண்ணைத் தருவதால், கடைசியாக உருவாக்கிய குழுவை நீக்கிவிட்டு அடுத்த நாள் 'விற்பனை' என்று ஒரு குழுவை உருவாக்கினால் அதற்கும் 1003 கிடைக்கும். மெய்ப்புக் கோப்புகள் முழுவதும் விற்பனைப் பிரிவின் பெயரில் காட்சியளிக்கும், அவர்களுக்குத் திறக்கவும் செய்யும்.

ஆகவே குரூப்டெல் இடுவதற்கு முன்பே அந்தக் குழுவின் கோப்புகளைத் தேடி எடுங்கள். சூடோ, பிறகு எஃப், ஐ, என், டி, பிறகு சாய்கோடு, பிறகு சிறுகோட்டோடு குரூப், பிறகு குழுவின் பெயர் என்று இட்டால் கணினி முழுவதிலும் உள்ளவை வரிசையாக வரும். ஒவ்வொன்றையும் வேறு குழுவுக்கு மாற்றுங்கள், அல்லது அழியுங்கள், அதற்குப் பிறகு குழுவை நீக்குங்கள். அவசரத்தில் முன்பே நீக்கிவிட்டவர்கள், குரூப் என்ற இடத்தில் ஜி, ஐ, டி என்றும் பெயரின் இடத்தில் பழைய எண்ணையும் இட்டு அதே கோப்புகளைத் தேடிப் பிடிக்கலாம்.